1933-ல் வீட்டுக் கடனை அரசே வாங்கிக்கொள்ள வந்தபோது வங்கிகள் ஏன் முரண்டு பிடித்தன?

நெல்லைத்தம்பி:
அமெரிக்கப் பெருமந்தம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1933-ல் ஒரு நாளைக்கு ஆயிரம் வீடு என்ற கணக்கில் கடனுக்குப் பறிபோயிருக்கின்றன. அந்த ஜூன் மாதம் ரூஸ்வெல்ட் அரசு ஹெச்ஓஎல்சி என்ற வீட்டுக்கடன் கழகத்தைத் தொடங்கி, தவணை கட்ட முடியாமல் தவிப்பவர்களின் கடனை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றது. வராக்கடனைத் தலையிலிருந்து இறக்கிவைக்க ஒருவர் வந்தால் கும்பிடு போட வேண்டியதுதானே? ஆனால் கடன் கொடுத்தவர்கள் பலர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்களாம். வெறும் வீம்பா, வேறு ஏதாவது கணக்கா?

பழைய லெட்ஜர்:
கணக்குதான் தம்பி. கையில் பணமா கொடுத்தார்கள்? கழகத்தின் கடன்பத்திரம் கொடுத்தார்கள். அதிலும் வட்டிக்கு மட்டும்தான் அரசு உத்தரவாதம், அசலுக்குக் கிடையாது, அதனால் சந்தையில் அந்தப் பத்திரம் முகமதிப்புக்குக் கீழேதான் போனது. அப்புறம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கழகம் தரும். சும்மா ஒரு கணக்குக்கு, ஒருவன் 5,000 டாலர் பாக்கி வைத்திருக்கிறான், வீடும் இப்போது 5,000தான் பெறும் என்றால் கைக்கு வருவது 4,000 டாலர் பத்திரம், மிச்சத்துக்கு நாமம். நான் அந்த மேனேஜராக இருந்தாலும் யோசித்திருப்பேன். 1934 ஏப்ரலில் அசலுக்கும் உத்தரவாதம் என்று சட்டம் வந்ததும் முரண்டு தளர்ந்துவிட்டது. கடைசியில் சுமார் 10 லட்சம் கடன், 300 கோடி டாலருக்கு மேல்.

தெற்குவீதி:
லெட்ஜர் அண்ணன் வங்கிக்காரர்களுக்கு ரொம்ப இரக்கப்படுகிறார். அதுவரை அங்கே வீட்டுக் கடன் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா? பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடக் கடன், அதுவரை வட்டி மட்டும் கட்டினால் போதும், முடிவில் அசல் மொத்தமாக நிற்கும், அதைப் புதுப்பிக்க மறுபடி வங்கி வாசலில் நிற்க வேண்டும். பாதி விலைக்குத்தான் முதல் கடன் கிடைக்கும் என்பதால் மேலே இரண்டாவது அடமானம், அதற்கு இன்னும் கூடுதல் வட்டி. மந்தம் வந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள், ஒழுங்காக வட்டி கட்டியவன் வீடும் போனது. கழகம் 5 சதவீத வட்டியில் 15 வருடம், அசலும் வட்டியும் மாதாமாதம் சேர்த்துக் கட்டு என்றது. நம் இஎம்ஐ மாதிரியேதான்.

இன்னொன்று, எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்க்கவில்லை. 1932-ல் அப்போதைய அதிபர் ஹூவர், வீட்டுக்கடன் தருபவர்களுக்கே கடன் தரும் வீட்டுக்கடன் வங்கிகளைக் கொண்டுவந்தபோது வீட்டுக்கடன் சங்கங்கள் ஆதரித்தன, வணிக வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் எதிர்த்தன. 1934-ல் எஃப்ஹெச்ஏ என்ற அரசு வீட்டுவசதி நிர்வாகம் வந்து 20 வருடக் கடனுக்குக் காப்பீடு தருகிறேன் என்றபோது குதித்தது அதே சங்கங்கள்! வணிக வங்கிகள் தங்கள் வயலில் இறங்கிவிடும் என்ற பயம். வெளியில் பேசியதெல்லாம் அரசுத் தலையீடு, சுதந்திரம் என்று.

நெல்லைத்தம்பி:
சரி, வங்கிக்காரர்களில் ஒருவர்கூட இந்தப் பக்கம் இல்லையா?

பழைய லெட்ஜர்:
ஏன் இல்லை, மாரினர் எக்கிள்ஸ் இருந்தாரே. யூட்டா மாநிலத்து வங்கி முதலாளி, எஃப்ஹெச்ஏ சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு, பிறகு மத்திய வங்கித் தலைவரானார். அப்புறம் தெற்குவீதி, கழகத்தையும் புண்ணியவான் ஆக்கிவிடாதீர்கள். தவணை கட்டாத ஏறக்குறைய 2 லட்சம் வீடுகளை அதுவும் பறிமுதல் செய்தது.

தெற்குவீதி:
செய்தது, ஆனால் சும்மா செய்யவில்லை. வருடக்கணக்கில் பாக்கி வைத்தவர்களுக்கும் தவணையைத் தள்ளிக்கொடுத்துப் பார்த்த பிறகுதான். 1934-க்கு முன்னால் எந்த வங்கி அப்படிப் பொறுத்தது, சொல்லுங்கள்.