பூக்களின் பள்ளத்தாக்கு: முதல் வெளியோடு திரும்பிவிடாதீர்கள்

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கிற்குச் சென்று வந்தவர்களில் சிலர், படங்களில் பார்த்த வண்ணப் பரப்பு கண்ணில் படவே இல்லை என்று இங்கே வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சென்ற எனக்கு அந்த ஏமாற்றம் நேராததற்கு, கூட்டம் நின்றுவிடும் இடத்தைத் தாண்டி உள்ளே நடந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தாக்குக்குக் கீழே பயணிகள் தங்கும் காங்கரியா கிராமத்தைக் கடந்ததும், மலை ஏரிக் கரையில் உள்ள சீக்கியர் வழிபாட்டுத் தலமான ஹேம்குண்டுக்குச் செல்லும் பாதை தனியே பிரிகிறது. கோவேறு கழுதைகளும் பெருங்கூட்டமும் அந்தப் பக்கம் போய்விடும். வனத்துறைச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கி, புஷ்பவதி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு வரும் ஏற்றம்தான் மூச்சு வாங்க வைக்கும். (முதுகுக் கூடையில் ஆளையே சுமந்து வருகிறவர்கள் அந்த ஏற்றத்தில் நம்மை முந்திச் செல்வார்கள்; அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.)

மேலே வெளி விரியத் தொடங்கும் இடத்தில் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார்கள். அதற்கு அப்பால், இளஞ்சிவப்புக் காசித்தும்பை ஆளுயரம் வளர்ந்து இருபுறமும் பாதையை மூடிக்கொள்கிறது. இலைகளில் மழைநீர் தங்கியிருப்பதால், செடிகளை விலக்கி நடப்பதற்குள் தோள்வரை நனைந்துவிடுகிறோம். முற்றிய காய் ஒன்றில் விரல் பட்டதும் அது படீரென வெடித்து விதைகள் சட்டையில் தெறித்தன. இன்னும் உள்ளே, பூக்களைச் சேகரிக்க வந்து 1939 இல் சரிவில் வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை இருக்கிறது. அங்கே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை என்பதாலும், பிற்பகலில் முகடுகளை மேகம் மூடிவிடும் என்பதாலும், காலையில் சாவடி திறக்கும்போதே நுழைந்துவிடுவது நல்லது.

மறுமொழி:

நான் ஜூலையில் சென்றேன். பாறை இடுக்குகளில் நீலப் பாப்பியை அருகில் பார்க்க முடிந்தது. கசங்கிய மெல்லிய தாள் போன்ற இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தம், தண்டெங்கும் முட்கள். அதைவிட மனத்தில் நிற்பது, பூத்திருந்த செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்த பணியாளர்களைச் சந்தித்ததுதான். தேசியப் பூங்காவில் பூச்செடியைப் பிடுங்கலாமா என்று கேட்டதற்கு, இது பாலிகோனம், விட்டால் மற்ற எதையும் முளைக்கவிடாது என்றார் ஒருவர். 1982 இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு ஆடுகளின் மேய்ச்சல் நின்ற பிறகே இது இவ்வளவு பரவியது என்பது அவர் கருத்து. மேய்ச்சல் தடை ஒன்றே காரணம் என்று நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் பாலிகோனம் மண்டிய சரிவுகளில் வேறு பூ அரிதாகவே தென்பட்டதை நானே பார்த்தேன். இமயமலை உயரங்களில் மட்டும் வளரும் பிரம்மகமலத்தைத் தேடுபவர்கள் மறுநாள் ஹேம்குண்ட் பாதையில் ஏறுங்கள். ஏரியை நெருங்கும் பாறைச் சரிவுகளில் அது கிடைக்கும்.