புதுச்சேரி – கோடியக்கரை சைக்கிள் பயணம்: கடலை ஒட்டியே போக முடியுமா?

சுண்ணாம்பாறு கேட்டது:

வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்துல நாங்க மூணு பேர் புதுச்சேரியில கிளம்பி கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, நாகை வழியா கோடியக்கரை வரைக்கும் சைக்கிள்ல போகலாம்னு இருக்கோம். மூணுமே கியர் வச்ச ஹைப்ரிட், 700×32 டயர் (அகலம் 32 மி.மீ.). கூடாரம் கிடையாது, லாட்ஜ்லதான் தங்கப் போறோம். ஆளுக்கு 7 கிலோ சுமை.

1) நெடுஞ்சாலையே படாம, மீனவக் கிராமங்கள் வழியா, முடிஞ்ச இடத்துல கடற்கரை மணல்லயே போக முடியுமா? மேப்ல பார்த்தா குப்பத்துக்குக் குப்பம் கோடு ஓடுற மாதிரி இருக்கு.
2) ரெண்டு நாள் போதுமா?
3) என்னென்ன உதிரிப் பாகம் எடுத்துக்கணும்?
4) திரும்பி வர்றதுக்கு சைக்கிளை எப்படி ஏத்துறது?

---

பழைய பெடல் பதில்:

முதல் கேள்விக்கு: முடியாது. இந்தக் கரையில் வழியைத் தீர்மானிப்பது கடல் அல்ல, பாலம்தான். சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என்று வரிசையாக ஆறுகள் கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. ஒவ்வொரு ஆற்றுக்கும் மேற்கே ஏறி, கடந்து, மறுபடி கிழக்கே இறங்க வேண்டும். மேப்பில் தெரியும் கோடுகளில் பாதி, உப்பங்கழி ஓரத்தில் போய் முட்டி நின்றுவிடும். கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்திருக்கும்போது எடுத்த செயற்கைக்கோள் படத்தில் நடந்தே கடக்கலாம் போலத் தோன்றும். மழைக்காலத்து வெள்ளம் அதை உடைத்திருக்கும். நம்பி இறங்காதீர்கள்.

மணல் விஷயமும் அப்படித்தான். அகலமான ஈர மணலில் சைக்கிள் ஓட்டும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வரக் கூடாது. நம் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், கரையோ சரிவானது. கெட்டியான மணல் பட்டை அதிகம் போனால் நாலடி அகலம் இருக்கும், அடுத்த அலை அதையும் நனைக்கும். 32 டயர் சரசரவென்று புதையும். தேவனாம்பட்டினத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

இரண்டு நாளில் போகலாம்தான், ஆனால் எதையும் பார்க்க முடியாது. மூன்று நாளாகப் பிரியுங்கள். மொத்தம் 240-250 கிலோமீட்டர் வரும்.

முதல் நாள், புதுச்சேரி – சிதம்பரம், சுற்று வழிகளோடு சுமார் 80: அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பாலம் தாண்டித் தவளக்குப்பம் வரை பெரிய சாலைதான், மாற்று இல்லை. அங்கிருந்து கிழக்கே நல்லவாடு பக்கம் போய் வரலாம், ஆனால் தெற்கே தென்பெண்ணையைத் தாண்ட மறுபடி பெரிய சாலைக்குத்தான் வரவேண்டும். கன்னியக்கோவில், முள்ளோடை எல்லை, பாலம், மஞ்சக்குப்பம். கடலூர் முதுநகர் தாண்டியதும் சிப்காட் வரும். அங்கே லாரி ஓட்டம் அதிகம், காற்றும் நன்றாக இருக்காது. காலை 8 மணிக்குள் அதைக் கடந்துவிடுவது போல் கிளம்புங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி கிழக்கே திரும்பினால் சாமியார்பேட்டை. அங்கிருந்து புதுப்பேட்டை வழியாகப் பரங்கிப்பேட்டை வரையிலான துண்டுதான் நீங்கள் தேடும் வழி: இடது பக்கம் கடல், சவுக்குத் தோப்பு, வண்டி குறைவு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு மறிக்கும். மேற்கே பி.முட்லூர் வந்து, பாலம் கடந்து சி.முட்லூர், சிதம்பரம். பிச்சாவரத்தை இதே நாளில் செருகாதீர்கள், படகு ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும்.

இரண்டாம் நாள், சிதம்பரம் – காரைக்கால், 80க்குக் கொஞ்சம் குறைவு: வல்லம்படுகை, கொள்ளிடம் பாலம், சீர்காழி. அங்கே பெரிய சாலையை விட்டு திருவெண்காடு, பூம்புகார். பிறகு திருக்கடையூர், தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கும், மதிய வெயிலுக்கு உட்கார நல்ல இடம்.

மூன்றாம் நாள், சுமார் 85-90: நாகூர், நாகை, வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம், கோடியக்கரை. வேளாங்கண்ணிக்குத் தெற்கே நிழல் குறைவு. 2018 கஜா புயல் இந்தப் பகுதியில்தான் கரை கடந்தது, பழைய மரங்கள் நிறையப் போயின.

புதிய நான்குவழிச் சாலை பல ஊர்களைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போகிறது. வேகம் வேண்டுமானால் அது, டீக்கடை வேண்டுமானால் பழைய சாலை. நான்குவழியில் ஓரப்பட்டை அகலம்தான், ஆனால் எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் அந்தப் பட்டையில்தான் வரும்.

---

வாடைக்காற்று பதில்:

வழியை மேலே நண்பர் சொல்லிவிட்டார். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் மலையே இல்லாத இந்தச் சாலையில் காற்றுதான் மலை.

ஜனவரி, பிப்ரவரியில் வாடை இன்னும் இருக்கும். வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகிறவருக்கு இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். நீங்கள் தேர்ந்தெடுத்த திசையும் மாதமும் சரி. மாசி கடைசியில் கொண்டலாக, அதாவது கிழக்குக் காற்றாகத் திரும்பி, பங்குனி சித்திரையில் தெற்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது இதே பயணத்தைக் கோடியக்கரையில் தொடங்கி வடக்கே வருவதுதான் புத்திசாலித்தனம். எதிர்க்காற்றில் மணிக்கு 20 போகிறவர் 14-15க்கு இறங்குவார், 80 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் கூடும். அந்த நேரமும் உச்சி வெயிலில்தான் கழியும்.

எந்த மாதமானாலும் காலையில் கரைக்காற்று, முற்பகலுக்கு மேல் கடல்காற்று. ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் 60 கிலோமீட்டரை முடித்துவிட்டால் மீதி எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம்.

நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30: இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின.

இன்னொன்று. பிப்ரவரி என்றால் டெல்டாவில் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். நெல் மேல் ஏற்றாதீர்கள். அது ஒருவருடைய வருமானம், தவிர டயர் பால்பேரிங் மேல் ஓடுவது போல் வழுக்கும். வைக்கோல் கிடக்கும் இடத்தில் பெடல் மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டுக் கடந்துபோங்கள். ஒரு பிடி வைக்கோல் பின்கியரில் சுற்றிக்கொண்டால் டெரெய்லர் (பின்கியரை மாற்றும் கருவி) ஸ்போக்குக்குள் போய்விடும், அதைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் ஹேங்கர் முறியும். அதோடு அன்றைய பயணம் முடிந்தது.

தேதி வைக்கும்போது தை அமாவாசையும் மாசி மகமும் பாருங்கள். தை அமாவாசைக்குப் பூம்புகாரிலும் வேதாரண்யம், கோடியக்கரையிலும் நீராட வரும் கூட்டத்தில் அறை கிடைக்காது. மாசி மகத்தன்று கடலூர், புதுச்சேரி கடற்கரைச் சாலைகளில் சுவாமி ஊர்வலம், சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அதற்கு முந்தைய நாட்களில் பாதயாத்திரைக் கூட்டம் இதே சாலையின் ஓரத்தில்தான் நடக்கும், இரவிலும் நடக்கும்.

மாலை ஆறுக்கு மேல் முள்ளோடை, வாஞ்சூர் போன்ற மாநில எல்லைகளில் சைக்கிளில் இருக்க வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

---

ஸ்போக்கு கடை பதில்:

மூன்றாவது கேள்வி. முதலில் ரிம்மில் வால்வு ஓட்டையைப் பாருங்கள். மோட்டார் பைக்கில் இருப்பது போல் தடித்த வால்வா, மெல்லிய பிரெஸ்டாவா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஊர்ப்புறக் கடைகளில் இருப்பது பழைய 28×1½ டியூப்பும், 26 இஞ்ச் டியூப்பும்தான். 28×1½ ரிம் 635 மி.மீ., உங்கள் 700 ரிம் 622 மி.மீ. அந்த டயர் இதில் பொருந்தாது, ஆனால் டியூப் ரப்பர்தானே, அவசரத்துக்கு உள்ளே உட்காரும். ஓட்டை தடித்த வால்வுக்கானதாக இருந்தால் தப்பித்தீர்கள். பிரெஸ்டா ஓட்டையில் அந்த டியூப்பின் வால்வு நுழையவே நுழையாது. பிரெஸ்டா என்றால் ஆளுக்கு 2 டியூப், பித்தளை அடாப்டர் 2. அடாப்டர் இல்லாமல் எந்தக் கடையிலும் காற்று பிடிக்க முடியாது. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் பிடிப்பதானால் விட்டு விட்டு அழுத்துங்கள். சின்ன டயர், இரண்டு விநாடியில் எகிறிவிடும்.

டயர்: சைக்கிள் சட்டத்தில் இடம் இருந்தால் 35 அல்லது 38க்கு மாறுங்கள். 70-75 கிலோ ஆள், 7 கிலோ சுமைக்கு 38 டயரில் பின்னால் 55, முன்னால் 45 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். 32 டயரே என்றால் பின்னால் 70, முன்னால் 60. இந்த வழியில் பஞ்சருக்கு முதல் காரணம் ஆணி அல்ல, சீமைக்கருவேல முள். குப்பங்களுக்கு இறங்கும் கிளைச் சாலைகளில், வேலி வெட்டிப் போட்ட இடத்தில், கொத்தாகக் கிடக்கும். டயருக்கும் டியூப்புக்கும் நடுவே பட்டை லைனர் போடுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், முள் முனை முறிந்து உள்ளேயே இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதுவும் போகும்.

மூவருக்கும் பொதுவாக: கைபம்ப் 2, ஒட்டு டப்பா 2, டயர் லீவர் 4, செயின் கட்டர், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி 2 (8 கியர் கண்ணி 9-ல் சேராது), 4, 5, 6 மி.மீ. அலன் சாவி, பிரேக் கட்டை ஒரு ஜோடி, கியர் கேபிள் 1, பிளாஸ்டிக் டை பத்து. ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதற்கான ஹேங்கர் 1, அது மாடலுக்கு மாடல் வேறுபடும். பின்சக்கரத்தின் செயின் பக்க ஸ்போக் 2: அதுதான் முதலில் முறியும், மறுபக்க ஸ்போக்கைவிட நீளமும் கொஞ்சம் குறைவு, அளந்து வாங்குங்கள்.

உப்புக்காற்று மூன்று நாளில் சைக்கிளைத் தின்றுவிடாது, ஆனால் மணலும் எண்ணெயும் சேர்ந்தால் செயினுக்கு அரம். ராத்திரி லாட்ஜில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். பீய்ச்சியடிக்கும் தண்ணீர் வேண்டாம், பேரிங்குக்குள் போகும். இரும்புச் சட்டத்தில் அலுமினிய சீட் கம்பி என்றால் கிளம்பும் முன் கழற்றி கிரீஸ் தடவிவிடுங்கள், உப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

---

சுண்ணாம்பாறு:

நன்றி. மூணு நாளாவே வச்சுக்கறோம். ரிம் ஓட்டை தடித்த வால்வுதான், நல்லவேளை. இன்னும் ரெண்டு சந்தேகம். பிச்சாவரம் பக்கத்துல இருந்து பழையாறுக்குப் படகுல சைக்கிளை ஏத்திக்கிட்டா கொள்ளிடத்தைச் சுத்த வேண்டாமே? அப்புறம், இளநீர் குடிச்சா ஓஆர்எஸ் தேவையில்லைன்னு ஒரு நண்பர் சொல்றார், சரியா?

---

பழைய பெடல்:

அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது சாலை மாதிரி தினசரி ஓடும் படகுத்துறை அல்ல. மீன்பிடிப் படகில் கேட்டு ஏறினாலும் முகத்துவாரத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், உயிர்காப்பு உடையும் இருக்காது. சிதம்பரத்திலிருந்து பாலம் எட்டு கிலோமீட்டர் அளவுதான். பழையாறு துறைமுகத்தைப் பார்க்க ஆசை என்றால் கொள்ளிடத்தில் இறங்கியதும் கிழக்கே திரும்பலாம், ஆனால் இரண்டாம் நாளில் 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் கூடும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இளநீர் குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். பிப்ரவரி வெயிலுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர்.

---

வாடைக்காற்று:

நாலாவது கேள்வி விட்டுப்போச்சு. ரயில் என்றால் பார்சலாகப் போடாமல், உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். பார்சல் வேறொரு நாள் வண்டியில் வரலாம், லக்கேஜ் உங்கள் வண்டியிலேயே வரும். இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் ஏற்ற முயலாதீர்கள், வண்டி புறப்படும் நிலையத்துக்கே போங்கள். அப்படியென்றால் கோடியக்கரையிலிருந்து திரும்பி காரைக்கால் வரை வரவேண்டும், அதுவும் வாடைக்கு எதிரே.

மூன்று பேர் என்பதால் வேதாரண்யத்தில் ஒரு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பேசிவிடுவது எளிது. மூன்று சைக்கிளும் தாராளமாக நிற்கும். ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் கோணிச் சாக்கு, டெரெய்லர் இருக்கும் பக்கம் வெளியே பார்க்கக் கூடாது. பெடல்களைக் கழற்றிவிடுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், சிலதுக்கு அலன் சாவி. இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.