நிரலாக்கத்தில் பைண்டிங் (பிணைப்பு) என்று எல்லா இடத்திலும் வருகிறதே, எல்லாம் ஒன்றுதானா?

புதுநிரல்:
பைத்தானில் லேட் பைண்டிங், சர்வரில் 0.0.0.0-க்கு பைண்ட், எஸ்கியூஎல்லில் பாராமீட்டர் பைண்டிங், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஆவணத்தில் சேனல் பைண்டிங். இவற்றுக்குள் தொடர்பு உண்டா? இன்னொன்று: லூப்பில் 0, 1, 2 என்று மூன்று லேம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) உருவாக்கினால், கூப்பிடும்போது மூன்றுமே 2 தருகின்றன. ஏன்?

அடுக்குமுறை:
ஒவ்வொரு இடத்திலும் எது எதோடு பிணைகிறது, எப்போது பிணைகிறது என்று கேளுங்கள். லேம்ப்டா பிடித்து வைத்திருப்பது மாறியை. அதன் அப்போதைய மதிப்பை அல்ல. கூப்பிடும் நேரத்தில்தான் மதிப்பைத் தேடுகிறது. இதுதான் லேட் பைண்டிங். அதற்குள் லூப் முடிந்து மாறியில் 2 நிற்கிறது. அந்த மாறியையே லேம்ப்டாவின் பாராமீட்டருக்கு டிஃபால்ட் மதிப்பாகக் கொடுங்கள். டிஃபால்ட் மதிப்பு ஃபங்ஷனை வரையறுக்கும் கணத்திலேயே கணக்கிடப்படுவதால் 0, 1, 2 சரியாக வரும்.

ஜாவாவில் முன்பே பிணைவது, ஓடும்போது பிணைவது என இரண்டு விதமும் சேர்ந்தே இருக்கும். ஓவர்லோட் செய்த (ஒரே பெயர், வேறு பாராமீட்டர்) மெத்தட்களில் எது என்பதை கம்பைலர், அறிவித்த டைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. ஓவர்ரைடு செய்தவற்றில் (துணை கிளாஸ் மாற்றி எழுதியவை) எது என்பது ஓடும்போது ஆப்ஜெக்டைப் பார்த்து முடிவாகிறது. ஆப்ஜெக்ட் டைப் மாறியில் ஸ்ட்ரிங்கை வைத்து அனுப்பினால், ஸ்ட்ரிங்குக்கு என்று எழுதிய ஓவர்லோட் ஓடாது. பலர் குழம்பும் இடம் இதுதான்.

முனையம்:
சாக்கெட் பைண்ட் என்பது சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பின் முனை) ஒரு முகவரியோடும் போர்ட்டோடும் பிணைப்பது. 127.0.0.1 என்றால் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பு மட்டும், 0.0.0.0 என்றால் எல்லா இன்டர்ஃபேஸும். லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுக்கு வழக்கமாகத் தனி அனுமதி வேண்டும். சர்வரை நிறுத்தி உடனே தொடங்கும்போது 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று பிழை வந்தால், பழைய இணைப்புகள் மூடிய பின்னும் சிறிது நேரம் காத்திருக்கும் டைம்-வெயிட் நிலையில் இருக்கலாம் (லினக்ஸில் 60 நொடி). அந்த முகவரியை மீண்டும் பயன்படுத்த விடும் ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனை பைண்டுக்கு முன்பே வைக்க வேண்டும். பின்னால் வைத்துப் பயனில்லை.

புதுநிரல்:
டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) 127.0.0.1 வைத்தால் வெளியே எட்டவில்லை. 0.0.0.0 வைத்தால் ஆபத்தா?

முனையம்:
கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்த கன்டெய்னர் மட்டுமே. உள்ளே 0.0.0.0 வையுங்கள்; போர்ட்டைத் திறக்கும்போது 127.0.0.1:5432:5432 என்று ஹோஸ்ட் (கன்டெய்னர் ஓடும் கணினி) முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 5432:5432 என்றால் ஹோஸ்டின் எல்லா முகவரியிலும் திறக்கும். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதுவதால் யுஎஃப்டபிள்யூ (ஃபயர்வாலை எளிதாக அமைக்கும் கருவி) தடை அங்கே பலிக்காது. மோங்கோடிபி டேட்டாபேஸ் 3.6-இலிருந்து லோக்கல்ஹோஸ்ட்டையே டிஃபால்ட்டாக வைத்ததும் இப்படித் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

காவல்வரி:
அடுக்குமுறை சொன்னதோடு ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: அந்தப் பிணைப்பை மாற்ற யாரால் முடியும்?

எஸ்கியூஎல் பாராமீட்டர் பைண்டிங்கில் வினவலின் அமைப்பு முதலில் முடிவாகிவிடுகிறது. பின்னால் வருவது வெறும் மதிப்பு, அது கட்டளையாக மாறாது. ஆனால் டேபிள் பெயரையும், ஆர்டர் பை-யில் வரும் நெடுவரிசைப் பெயரையும் இப்படிக் கொடுக்க முடியாது. அவற்றுக்கு அனுமதித்த பெயர்களின் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பதே வழி.

வெப் ஃப்ரேம்வொர்க்கின் டேட்டா பைண்டிங் இதற்கு நேர்மாறு. கோரிக்கையில் வரும் பெயரைப் பார்த்து ஆப்ஜெக்டின் பண்பை நிரப்புகிறது, அதாவது பெயரைத் தேர்வது அனுப்புபவர். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் 2022 மார்ச்சில் வெளிவந்த ஸ்பிரிங்4ஷெல் ஓட்டை இதில்தான்: ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 9 முதல், பண்புப் பெயர்களின் சங்கிலி வழியே கிளாஸ்லோடர் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) வரை எட்ட முடிந்தது. ஸ்பிரிங் 5.3.18, 5.2.20 பதிப்புகளில் அடைத்தார்கள். டேட்டாபேஸ் மாடலை நேரடியாக நிரப்ப விடாமல், தேவையான புலங்கள் மட்டும் கொண்ட தனி கிளாஸை நிரப்பச் செய்யுங்கள். இல்லையென்றால் படிவத்தில் இல்லாத 'அட்மின்' புலத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்பலாம்.

சேனல் பைண்டிங் கடவுச்சொல் பரிமாற்றத்தை அந்த டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த) இணைப்போடு கட்டுகிறது. போஸ்ட்கிரெஸில் சர்வர் சான்றிதழின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறி) ஸ்க்ராம் (கடவுச்சொல்லை அனுப்பாமலே சரிபார்க்கும் முறை) கணக்கில் கலக்கிறது. நடுவில் ஒருவர் வேறு சான்றிதழோடு நின்றால் ஹாஷ் பொருந்தாது, லாகின் தோற்கும். கிளையன்ட் டிஃபால்ட் 'ப்ரிஃபர்' (முடிந்தால் பயன்படுத்து). சர்வர் முன்வைக்காவிட்டால் இல்லாமலே போய்விடும். 13-ஆம் பதிப்பிலிருந்து 'ரிக்வயர்' (கட்டாயம்) வைக்கலாம். கடவுச்சொல் எம்டி5 என்ற பழைய முறையில் சேமிக்கப்பட்டிருந்தாலோ, டிஎல்எஸ்ஸை இடையிலேயே முடிக்கும் ப்ராக்ஸி இருந்தாலோ அது தோற்கும். ஆகவே முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.