தேவாங்கு, ஆந்தை: எதற்கு ஆபத்து அதிகம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நத்தம் பக்கமுள்ள எங்கள் மாந்தோப்புக்குச் சென்ற மாதம் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, கிளுவை வேலிக்குள் இரண்டு கண்கள் செந்தணலாய் மின்னக் கண்டு, தோப்பில் அடிக்கடி குரல் கொடுக்கும் பொரிப்புள்ளி ஆந்தை என்றே நினைத்தேன். அருகில் சென்று பார்த்தால் தேவாங்கு. அது ஒரு கையை எடுத்து அடுத்த குச்சியைப் பற்றுவதற்குள் நான் இருமுறை மூச்சு விட்டிருப்பேன். ஓர் இலைகூட அசையவில்லை. இரண்டும் இரவில் இரை தேடுபவை, ஒரே தோப்பில் வாழ்பவை. அப்படியிருக்க, இந்தச் சிறு குரங்கின் அழிவைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவது ஏன்?

பதில் 1:
ஐயா, தேவாங்கு குரங்கன்று. மனிதரும் குரங்கும் அடங்கிய அதே வரிசையில், ஈர மூக்குடைய தனிக் கிளை அது. விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அதன் கண் அப்படி மின்னுகிறது. உங்கள் கேள்விக்கான விடை கண்ணில் இல்லை, நடையில் இருக்கிறது. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை, வேலியோடு வேலி தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை உண்டு. கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டால் ஆந்தை மேலே பறந்துவிடும், தேவாங்கு தரையில் இறங்கி நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும். மருந்து என்றும் மாந்திரீகம் என்றும் அதைப் பிடித்த கொடுமை வேறு. 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது பெரும் ஆறுதல். ஆனால் உங்கள் வேலி அதற்குள் வராது.

பதில் 2:
சிறகு இருந்தால் தப்பிவிடலாம் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. நடு இந்தியாவின் காட்டு ஆந்தை 1884-க்குப் பின் 113 ஆண்டுகள் காணாமல் போய், 1997-இல்தான் மகாராட்டிரத்தில் மறுபடி கண்டறியப்பட்டது. இன்றும் அது அருகிவரும் இனமே. கூடு வைக்கப் பொந்துள்ள முதிர்ந்த மரம் இல்லையென்றால் பறந்து எங்கே போகும்? அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர்ப் புளியமரங்களை வெட்டிய பிறகு, பொரிப்புள்ளி ஆந்தையின் குரலை நான் கேட்கவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வடக்கு வரப்பில் கம்பி வேலி போடச் சொல்லியிருந்தேன், அதை நிறுத்திவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் கிளுவைப் போத்து வெட்டி நட வேண்டும். பொந்து விழுந்த பழைய மாமரமும் அங்கேயே நிற்கும்.