டொயோட்டா 86: இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேயுது. ஸ்பிரிங் மாத்தவா, டயர் மாத்தவா?

கிள்ளான்86:
வணக்கம். 2013 மாடல். சஸ்பென்ஷன்ல கை வைக்கல. ரிம் 17×7, டயர் 215/45 பைலட் ஸ்போர்ட் 4. செபாங் ரேஸ் டிராக்ல நாலாவது ரவுண்டுலயே முன்பக்கம் வெளியே தள்ளுது, இடது முன் டயரோட வெளி ஓரம் தூளா உதிருது. 40 மி.மீ. இறக்குற ஸ்பிரிங்கா, டோயோ ஆர்888ஆர் மாதிரி செமி-ஸ்லிக்கா (காடி குறைஞ்ச டிராக் டயர்)? ரெண்டுக்கும் சேர்த்துக் காசில்ல.

பிட்லேன்:
ரெண்டும் இப்ப வேண்டாம். செபாங்ல 15 வளைவு, அதுல 10 வலது. பாரமெல்லாம் இடது முன் டயர் மேலதான். 86-க்கு முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேல்பக்கம் பிடிக்கும், கீழே ஒரு ஆர்ம்), பின்னாடி டபுள் விஷ்போன் (மேலயும் கீழயும் ஆர்ம்). வண்டி சாயும்போது பின் டயர் ஓரளவு நிமிர்ந்து நிக்கும். ஸ்ட்ரட் அப்படி இல்ல, டயர் வண்டியோட சேர்ந்து சாஞ்சு ஓரத்துல நிக்கும். கம்பெனி வச்ச கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாஞ்சு நிக்கிற கோணம்; மேல்பக்கம் உள்ளே சாஞ்சா நெகட்டிவ்) முன்பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். வியாதி அதுதான்.

40 மி.மீ. இறக்கினா கீழ் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல் நோக்கித் தூக்கிடும். அதுக்கப்புறம் சாயச் சாய நெகட்டிவ் கேம்பர் கூடுறதுக்குப் பதிலா குறையும். ரோல் சென்டரும் (வளைவுல வண்டி எதைச் சுத்திச் சாயுதோ அந்தப் புள்ளி) வண்டி இறங்கினதைவிட அதிகமா இறங்கும், சாய்வு கூடும். பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் அடியோட அமுங்காம தடுக்குற ரப்பர்) சீக்கிரம் முட்டும்.

ரப்பர்ராஜா:
டயரை அப்படி ஒதுக்கிட முடியாதே. சூட்டைத் தாங்குறதுல ஆர்888ஆர் பைலட் ஸ்போர்டைவிட எவ்வளவோ மேல்.

பிட்லேன்:
தாங்கும், மறுக்கல. ஆனா பிடிப்பு கூடினா சாய்வும் கூடும். கேம்பர் இல்லாம போட்டா அதே ஓரம் இன்னும் விலை கூடின ரப்பர்ல போகும். செபாங்ல மத்தியானம் மழை கொட்டினா தண்ணியை வெளியேத்த அந்த டயரோட காடி பத்தாது, அதே டயர்ல கிள்ளானுக்கு ஓட்டிட்டும் போகணும்.

முதல்ல காத்து. பக்கச்சுவர்லிருந்து டிரெட் (ரோட்டுல படுற பகுதி) வரை சாக்பீஸ் கோடு போட்டு மூணு ரவுண்டு ஓட்டு. கோடு பக்கச்சுவர்லயும் அழிஞ்சிருந்தா காத்து குறைவு. குளிர்ல 28 பிஎஸ்ஐ-ல ஆரம்பி, பிட்டுக்கு வந்த உடனே சூட்டோட 33-34 இருக்கணும். வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காம 35-க்கு ஏத்து.

அடுத்தது கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்குற பாகம்) பிடிக்கிற ரெண்டு போல்ட்ல மேலதுக்குப் பதிலா போடணும். 1-1.5 டிகிரி கிடைக்கும். இது மெலிசு, டிராக் ஓரத்துக் கெர்ப்ல ஏறினா நழுவலாம்; முறுக்கினதும் பெயின்ட் கோடு போட்டு வை. டயர் மேல்பக்கம் ஸ்ட்ரட்டை நெருங்கும், இடைவெளி பாரு.

ரப்பர்ராஜா:
அதனாலதான் ஸ்ட்ரட்டோட மேல்முனையை நகர்த்துற கேம்பர் பிளேட் நல்லது. ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும், இடைவெளி போகாது. முன்னாடி -2.5, பின்னாடி -2 டிகிரி வரை போகலாம். 225/45 போடுறதா இருந்தா 7 அங்குல ரிம் அதுக்குக் கடைசி எல்லை, பக்கச்சுவர் நெளியும். 7.5 அல்லது 8 எடு. டயர் விட்டம் 9 மி.மீ. கூடுறதால கியர் கொஞ்சம் நீளும்.

கிள்ளான்86:
பிறகு ஒரு நாள் காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) வாங்கினா, பின்சக்கர ஸ்பிரிங்கும் முன்சக்கரம் மாதிரியே 6 கிலோ (ஒரு மி.மீ. அமுக்க வேண்டிய பாரம்) போதுமா?

பிட்லேன்:
போதாது. ஸ்ட்ரட்ல ஸ்பிரிங்கும் சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நகரும். பின்னாடி சக்கரம் 1 மி.மீ. நகர்ந்தா ஸ்பிரிங் சுமார் 0.75 மி.மீ.தான் நகரும், அந்த விகிதத்தை வர்க்கம் பண்ணினா 0.56. 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்துல 3.4 கிலோதான். அதோட, கேம்பர் மாத்தின அன்னைக்கே டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தோட முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) சரிபார்த்துடு: முன்னாடி 0, பின்னாடி மொத்தம் 2 மி.மீ. உள்ளே. ரோட்டுல டயரைத் தின்னுறது பெரும்பாலும் டோதான், கேம்பர் மேல பழி போடுவாங்க.