எஸ்கேப் சீக்வென்ஸ்: விடுபடு தொடரா, விலகுதொடரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரையில்) எழுத்தின் நிறத்தை மாற்றவும் இடஞ்சுட்டியை (கர்சரை) நகர்த்தவும் பயன்படும் குறிகளின் தொடரான எஸ்கேப் சீக்வென்ஸுக்கு, நம் கலைச்சொல் விவாதத்தில் 'தப்பித்தல் வரிசை', 'விடுபடு தொடர்' என்னும் இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, சிறையிலிருந்து ஓடுகிறவர்கள் கியூவில் நிற்பதைப் போல ஒலிக்கிறது. இரண்டாவதன் சிக்கல் சற்று நுட்பமானது. 'விடுபடு' என்பதற்கு விடுதலை பெறுதல் என்ற பொருள் உண்டுதான். ஆனால் 'வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டுவிட்டது' என்பதே நாம் நாள்தோறும் கேட்பது. ஆகவே விடுபடு தொடர் என்றால், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமற்போன தொடர் என்றே பலரும் கொள்வர்.

இத்தகைய தொடரின் தலையில் நிற்கும் எஸ்கேப் குறி உண்மையில் என்ன செய்கிறது? 1960இல் அமெரிக்கக் கணினி அறிஞர் பாப் பீமர் எஸ்கேப்பை முன்மொழிந்தபோது, ஒரு குறியேற்றத்தை (எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறையை) விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கான அடையாளமாகவே அதைக் கருதினார். ஆஸ்கி என்னும் குறியேற்றத்தில் அதற்கு 27ஆம் எண் கிடைத்தது. 'இனி வருவதை வழக்கமான பொருளில் படிக்க வேண்டாம்' என்பதே அதன் சாரம். இத்தகைய கட்டளைகளை வரையறுத்து 1976இல் வெளியான ஈசிஎம்ஏ-48 தரமும், 1978இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 முனையமும் அந்த வழியில் வந்தவையே. எஸ்கேப்பை அடுத்து ஒரு '[', அதன்பின் 31, இறுதியில் சின்ன 'எம்' வந்தால், முனையம் இவற்றில் ஒன்றையும் திரையில் காட்டாமல், பின்வரும் எழுத்துகளைச் சிவப்பாக்குகிறது. வண்ணத்தோடு சேமித்த பதிவுக் கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்தவர்கள் வரிதோறும் '[31' என்று தொடங்கும் குப்பையைப் பார்த்திருப்பார்கள், அங்கே விலகச் சொன்ன குறியை மதிக்க ஆளில்லை.

எனவே 'விலகுதொடர்' என்பதை முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. ஆகவே இடையில் ஒற்று மிகாது, சேர்த்தே எழுத வேண்டும். எஸ்கேப் குறியை 'விலகுகுறி' எனலாம்.

'வரிசை'யை விடத் 'தொடர்' பொருந்துவதற்கு, இந்த விவாதத்தில் யாரும் இதுவரை தொடாத ஒரு காரணம் உண்டு. இந்தக் கட்டளைகளில் எண்கள் முன்னால் வர, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசி எழுத்துத்தான் சொல்கிறது: '5;10' என்பதன் இறுதியில் பெரிய 'எச்' வந்தால் இடஞ்சுட்டி 5ஆம் வரியின் 10ஆம் இடத்துக்குப் போகும்; 3க்குப் பின் பெரிய 'ஏ' வந்தால் மூன்று வரி மேலே ஏறும். பயனிலையை இறுதியில் வைக்கும் நம் சொற்றொடரின் அமைப்பேதான் இது. கடைசி எழுத்து வரும்வரை முனையமும் நம்மைப் போலவே வினைமுற்றுக்காகக் காத்திருக்கிறது.

நிரல்மொழிகளில் பின்சாய்கோட்டை (\) முன்னால் இட்டு மேற்கோள் குறியை எஸ்கேப் செய்வதற்கும், அதாவது அதன் வழக்கமான பொருளை நீக்குவதற்கும், இதே வேர் உதவும். 'மேற்கோள் குறிக்கு விலக்கு அளி' என்றால், வரி விலக்குக் கேட்டுப் பழகிய நமக்கு உடனே புரியும். நிரல் ஓடும்போது எழும் பிழைநிலையான எக்ஸெப்ஷனுக்கு வழங்கும் 'விதிவிலக்கு' அருகில் வந்து இடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் 'விதி' என்ற முன்னொட்டு இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

விசைப்பலகையில் உள்ள விசைக்கு 'விடுபடு' என்ற பெயர் இருக்கட்டும்; அங்கே ஏதோ ஒன்றிலிருந்து வெளியேறுபவர் பயனர். அந்த விசை அனுப்புவதும் அதே 27தானே என்று கேட்கலாம். உண்மைதான். மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினாலும் முனையம் அனுப்புவது எஸ்கேப்பில் தொடங்கும் தொடரே. அதனால்தான் விம் போன்ற தொகுப்பிகள், வந்தது தனி விசையா தொடரின் தலையா என்று தெரியாமல் ஒரு கணம் தயங்குகின்றன. நிரலே இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கும்போது, நம் சொற்களும் இரண்டாகவே இருக்கட்டும்.