காயிரிஸ் ஏன் சிறையில் செத்தார்?

வாசகி: துருக்கிய ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1821 மே மாதம் ஆந்த்ரோஸ் தீவில் புரட்சிக் கொடி ஏற்றியவர் தியோஃபிலோஸ் காயிரிஸ். துறவி, கணிதமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தவர். அவரே 1853-ல் சீரோஸ் தீவுச் சிறையில் இறந்திருக்கிறார். அதுவும் விடுதலை பெற்ற கிரீஸின் சிறையில்! என்னதான் நடந்தது?

பழைய வாத்தியார்: இவரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன், அம்மா. பீசாவிலும் பாரிஸிலும் படித்துவிட்டு, ஆசியா மைனர் கரையில் கிடோனியெஸ் பள்ளியில் பாடம் நடத்தினார். 1821-ல் அந்த ஊரே அழிந்தது. மனிதர் போருக்குப் போய்க் காயம்பட்டார். பின்னாளில் மன்னர் ஓத்தோ விருது கொடுத்தார், வாங்கவில்லை. ஏதென்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் வேண்டாம் என்றுவிட்டார். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, அது போதும் அவருக்கு. ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்து நன்கொடை திரட்டி 1836-ல் ஆந்த்ரோஸில் அநாதை இல்லம் திறந்தார்.

வினை வந்தது அவருடைய 'தியோசெபியா'வால். கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவம் இல்லை என்ற கொள்கை அது. 1839-ல் கிரேக்கத் திருச்சபையின் ஆயர் மன்றம், 'உன் விசுவாசத்தை அறிக்கையிடு' என்றது. மறுத்தார். ஒப்புக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளைகளோடேயே இருந்திருக்கலாம். அவரால் அது முடியவில்லை. ஸ்கியாதோஸ் தீவு மடத்தில் அடைத்தார்கள், அப்புறம் சாந்தோரினித் தீவில். லண்டன்வரை போய் 1844-ல் திரும்பினார். அதே கொள்கையைப் பரப்பியதற்காக 1852 டிசம்பரில் சீரோஸ் நீதிமன்றம் 2 ஆண்டு 10 நாள் சிறை விதித்தது. அப்போது வயது 68. அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தார்.

வாசகி: அடக்கமாவது ஒழுங்காக நடந்ததா ஐயா?

பழைய வாத்தியார்: சடங்கு எதுவும் இல்லை. புதைத்த பிறகு தோண்டியெடுத்து, வயிற்றைக் கிழித்துச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். அவர் இறந்த சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

தீவுவாசி: தங்கை எவாந்தியாவை விட்டுவிட்டீர்களே ஐயா. கிடோனியெஸில் அண்ணனிடம் படித்தவர். சிறு பெண்ணாக இருக்கும்போதே பாரிஸிலிருந்த அறிஞர் கொராயிஸுக்குக் கடிதம் எழுதி, மொழிபெயர்க்கப் பிரெஞ்சுப் புத்தகம் கேட்டவர். மிசொலோங்கி நகரம் 1826-ல் துருக்கியரிடம் வீழ்ந்ததும் 'நிக்கிராதோஸ்' என்று நாடகம் எழுதி அதே ஆண்டில் அச்சிட்டார், தன் பெயர் போடாமல்.

வாசகி: இன்று ராத்திரி எவாந்தியாவைத்தான் தேடிப் படிக்கப் போகிறேன். நன்றி ஐயா, நன்றி தீவுவாசி.